திரும்பி வரும் பாதி

பாசாருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவளிடமிருந்து அவ்வளவு சுலபமாக நகர முடியாது. எத்தனை மணி வண்டி என்று கேட்பாள். சந்தை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நடந்துதான் போகிறேன் என்றால், "போறத யாரு கேட்டா? திரும்பி வர்றதக் கேட்டேன்" என்பாள். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால், சந்து முனையில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். இந்தத் தொல்லைக்காகவே நான் பல நாள் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

நாங்கள் அவளை ஆயாக்கா என்று கூப்பிட்டோம். வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை வளர்த்தவள், அதனால் ஆயா. எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவள், அதனால் அக்கா. அவளுக்கென்று ஒரு பெயர் இருக்குமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஜப்பான்காரன் வந்த வருஷம்தான் நான் கல்யாணமாகி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். போகிறபோது வெள்ளைக்காரன் பாலங்களை உடைத்துவிட்டுப் போனதில் முக்கால்வாசி என்ஜின்கள் ஷெட்டிலேயே நின்றுவிட்டன. வேலை வாரத்தில் இரண்டு நாளாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையின் கோடியில் விறகு போட்டு வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதில் ஆயாக்கா தனியாக இருந்தாள். சோற்றுக்கு இல்லாத அந்த நாளிலும் வெள்ளைச் சேலைக்கு மரவள்ளிக் கஞ்சி போட்டு மொடமொடவென்று கட்டிக்கொள்வாள். குடிக்க வேண்டிய கஞ்சியைச் சேலைக்குக் கொடுக்கிறாளே என்று எனக்கு எரிச்சலாக வரும். எனக்கு நாக்கு நீளம். இன்றைக்கும் அப்படித்தான்.

அவள் வேலை பார்த்த துரை கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தின் மேனேஜர். குண்டு விழ ஆரம்பித்ததும் எல்லாத் துரைமாரும் கப்பல் ஏறிவிட்டார்கள். இவர் மட்டும் இந்தியாவா ஆஸ்திரேலியாவா என்று துரைசானியோடு பேசிப் பேசியே பத்து நாளை ஓட்டினாராம். கடைசியில் சிங்கப்பூர் போகிற ரயிலில் இடித்துப் பிடித்து ஏறினார்கள். ஆயாக்காவுக்கு இடமில்லை. பிள்ளையை ஜன்னல் வழியாக இவள்தான் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அந்த ஒரு நாள்தான் திரும்பி வர வண்டி எப்போது என்று கேட்க மறந்துவிட்டதாகச் சொல்வாள். பிள்ளை அழுதுகொண்டே இருந்தது, கவனம் அதன்மேல் போய்விட்டது என்பாள். கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று நான் ஒருமுறை கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் பிறகு அதைக் கேட்கவில்லை.

இந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பாலைவனத்திலிருந்து. துரையின் பிள்ளைக்கு மூச்சு இழுப்பு. ஒருமுறை லீவில் சீமைக்குப் போகும் வழியில், காய்ந்த காற்று நல்லது என்று கப்பல் டாக்டர் சொல்ல, சூயஸுக்குப் பக்கத்தில் இறங்கி ஒரு கடற்கரை ஓட்டலில் ஒரு மாதம் தங்கினார்கள். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மணல், நடுவில் ஓட்டல். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு பச்சை இலை கிடையாதாம். அங்கே தங்கியிருந்தவர்களுக்கு இருந்த ஒரே வேலை, நாளைக்கு எங்கே போய் வருவது என்று தேர்ந்தெடுப்பதுதான். சாயங்காலம் தேத்தண்ணி நேரத்தில் சிவப்புக் குல்லா போட்ட ஒருவன் தட்டில் நாலு படக் கார்டுகளை வைத்துக்கொண்டு வருவான். ஒன்று, அடித்தட்டில் கண்ணாடி பதித்த படகு. குனிந்தால் கடலின் அடி தெரியும். இரண்டு, மூசா நபியின் கிணறுகளும் பேரீச்ச மரங்களும். மூன்று, உப்புப் பாத்திகளும் அங்கே வந்து நிற்கிற இளஞ்சிவப்புப் பறவைகளும். நாலு, ஒட்டகத்தில் ஏறிக் கல்மலைக்கு. எல்லாமே காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்புகிற பயணங்கள். துரைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது. துரைசானிக்கு ஒன்றையும் விட மனசு வராது. இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வாரத்தைப் பேசியே தீர்த்திருக்கிறார்கள். அப்புறம் துரைசானி கார்டுகளை ஆயாவிடம் நீட்டி, நீயே சொல் என்று விட்டுவிட்டாளாம். அன்றிலிருந்து மாதம் முடிகிற வரைக்கும் அந்தக் குடும்பம் எங்கே போகும் என்று முடிவு பண்ணியது இவள்தான். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் முதுகு நிமிரும்.

அந்த நாலு கார்டுகளும் அவளிடம் இருந்தன. ஒரு நீல ரிப்பனில் கட்டி வைத்திருந்தாள்.

மத்தியானம் ஆனால் குழாயடி நிழலில் உட்கார்ந்து மரவள்ளி உரிப்போம். காலையிலும் மரவள்ளி, ராத்திரியும் மரவள்ளி. உரித்து உரித்து விரலெல்லாம் கறுத்துப் போயிருக்கும். ஆயாக்கா மடியில் கார்டுகளைப் பரப்பிக்கொண்டு, "நாளைக்கு எங்க போகலாம்?" என்று ஆரம்பிப்பாள். ஒருத்தி பறவை என்பாள், ஒருத்தி ஒட்டகம் என்பாள். இரண்டு கேட்டால் விடமாட்டாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான். கூட யார் வருகிறார்கள், தண்ணீர் எவ்வளவு, திரும்பி வர வண்டி எப்போது, எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்தான் அவள் நம்மை ஏற்றிக்கொள்வாள். அப்போது கடிகாரங்களையெல்லாம் டோக்கியோ மணிக்கு மாற்றி வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்குத் திரும்புவோம் என்று யாராவது சொன்னால், எந்த ஐந்து என்று கேட்பாள். நம்ம ஐந்தென்றால் வெயில் தணிந்திருக்கும், டோக்கியோ ஐந்தென்றால் நமக்கு மூன்றரைதான், ஒட்டகத்துக்குக் கால் வெந்துவிடும்.

கட்டத் துணியில்லாமல் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒட்டகச் சவாரி ஒன்றுதான் குறைச்சல் என்று நான் முணுமுணுப்பேன். ஆனால் என் வீட்டுக்காரர் வேலை இல்லாத ஆம்பிளை என்ற வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டு வாசற்படியில் வந்து குந்திக்கொள்வார். "ஆயாக்கா, எனக்குக் கண்ணாடிப் படகு" என்பார். எப்போதும் அதேதான். நேற்றுத்தானே போனீர்கள் என்று அவள் கேட்டால், நேற்று ஒரே கலங்கல், ஒன்றும் தெரியவில்லை என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவரோடு நான் வாழ்ந்தது ஒன்றேகால் வருஷம். அதில் அவர் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அந்தக் குழாயடியில்தான்.

பாதிச் சீட்டுக் கதையையும் அங்கேதான் சொன்னாள். அந்த ஓட்டலில் ஒவ்வொரு பயணத்துக்கும் கொடுக்கிற சீட்டு இரண்டு பாதியாக இருக்கும். போகும்போது ஒரு பாதியைக் கிழித்துக்கொள்வார்கள். வரும்போது மறு பாதியைக் கொடுக்க வேண்டும். துரை எதையும் தொலைத்துவிடுவார் என்பதால் வீட்டில் உள்ள எல்லார் பாதியையும் இவள் வாங்கி, துணியில் சுற்றி, ரவிக்கைக்குள் ஊக்கு போட்டு வைத்துக்கொள்வாள். ஒருநாள் மூசா நபி கிணற்றில் வேறொரு வெள்ளைக்காரி தன் பாதியைத் தொலைத்துவிட்டாள். வண்டிக்காரன் ஏற்றமாட்டேன் என்றுவிட்டான். எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. அவளை மணலில் அப்படியே விட்டுவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. "திரும்பிப் பாத்தேன். குடையப் பிடிச்சிக்கிட்டு நின்னா. சின்னதாயிட்டே போனா" என்று ஆயாக்கா சொல்லும்போது உரிக்கிற கைகள் எல்லாம் நின்றுவிடும். அந்த அம்மாள் அப்புறம் எப்படி வந்தாள் என்று கேட்டால் தெரியாது என்பாள். மறுநாள் துரை குடும்பத்துக்குக் கப்பல்.

மறு வருஷம் சயாம் பேச்சு வந்தது. அங்கே காட்டில் ஜப்பான்காரன் ரயில் பாதை போடுகிறான், அதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். படம் காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக் கொட்டகைக் கதவைச் சாத்தி ஆம்பிளைகளை அள்ளிக்கொண்டு போனதாக வேறு இடங்களிலிருந்து சேதி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் எங்கள் திடலில் மேசை போட்டுக்கொண்டு ஒரு கிராணி வந்து உட்கார்ந்தார். பெயர் எழுதுகிற குமாஸ்தா, தமிழர்தான். வேலையில்லாத ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஓர் ஆள் பெயர் கொடுத்தாக வேண்டும், பெயர் கொடுக்காத வீட்டுக்குப் பட்டாளம் வரும் என்றார். மூன்று வேலை இருந்தது. பந்திங் பக்கம் என்ஜினுக்கு விறகு வெட்டுவது. போர்ட் சுவெட்டன்ஹமில் மூட்டை இறக்குவது. மூன்றாவது சயாம்.

எங்கள் வரிசையில் அப்படிப் போக வேண்டியவர்கள் ஐந்து பேர். அவர்கள் என்னைக் கேட்கவில்லை, வேறு யாரையும் கேட்கவில்லை. நேராக ஆயாக்காவின் விறகு அறைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார்.

"ஆயாக்கா, மூணு கார்டு வச்சிருக்கான். எதுக்குப் போகலாம்னு நீங்க சொல்லுங்க."

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு திடலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். வரிசையை ஒதுக்கிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்று, வழக்கமான கேள்வியைத்தான் கேட்டாள். விறகு வெட்டப் போனால் திரும்பி வர வண்டி எப்போது? அது தெரியாதும்மா, அவன் விடும்போது வரலாம் என்றார் கிராணி. மூட்டை இறக்கப் போனால்? அதுவும் அப்படித்தான். சயாமுக்குப் போனால்? கிராணி பெட்டியைத் திறந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினார். மூன்று மாதம், சரியாக மூன்றே மாதம் என்றார். சீட்டு நடுவில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி இரண்டு பாதியாக இருந்தது. இரண்டிலும் சிவப்பு முத்திரை. ஒரு பாதி போக, ஒரு பாதி வர.

ஆயாக்கா அதை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை வரிசையை விரலால் தடவினாள். அவள் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"இதான்" என்றாள். "இதுலதான் திரும்பி வர வழி இருக்கு."

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பந்திங் எங்கே, சயாம் எங்கே? பந்திங்குக்கு சைக்கிளில் போய் வந்துவிடலாம். எல்லாவற்றுக்கும் நீளுகிற என் நாக்கு அன்றைக்கு நீளவில்லை. காரணம் இதுதான்: அந்தச் சீட்டைப் பார்த்ததும் எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

ரயில் காலையில் கிளம்பியது. சாமான் ஏற்றுகிற மூடு பெட்டிகள். பெட்டிக்கு முப்பது பேருக்கு மேல் அடைத்திருந்தார்கள். ஏறும்போதே ஒரு பாதியைக் கிழித்து வாங்கிக்கொண்டார்கள். மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ஐந்து பேரும் எங்களிடம் வந்தார்கள். போகிற இடம் காடு, மழை, எங்கே வைத்துக் காப்பாற்றுவது என்று யாரோ கேட்டார்கள். ஆயாக்கா கையை நீட்டினாள். ஐந்து பேரும் கொடுத்தார்கள். அவள் வாங்கித் துணியில் சுற்றி, ரவிக்கைக்குள் வைத்து ஊக்கு போட்டாள். சூயஸில் தினமும் செய்ததைத்தான் செய்தாள். என் வீட்டுக்காரர், வந்ததும் கண்ணாடிப் படகு என்று அவளிடம் சொன்னார். என்னிடம் பாயை வெயிலில் போட்டு எடு என்று சொன்னார். அதுதான் என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது.

ரயில் போன பிறகு நாங்கள் தண்டவாளத்தை ஒட்டி நடந்து வந்தோம். குவார்ட்டர்ஸ் வாசல் வரைக்கும் வந்துவிட்டோம். ஆயாக்கா நெஞ்சில் கையை வைத்தாள், அப்படியே நின்றுவிட்டாள். நெஞ்சு வலியோ என்று நினைத்தேன். சட்டென்று திரும்பி ஓட ஆரம்பித்தாள். கஞ்சி போட்ட சேலை காலைத் தட்ட, தண்டவாளத்துக்கு நடுவிலேயே ஓடினாள். அப்புறம்தான் எனக்கும் விளங்கியது. திரும்பி வரும் பாதி ஐந்தும் எங்கள் ஊரில் இருந்தது.

அதற்குப் பிறகு குழாயடியில் கார்டுகள் வரவில்லை. சீட்டுகளை எப்படியாவது சேர்த்துவிட வேண்டும் என்று அவள் அலைந்தாள். அந்தக் கிராணியைத் தேடினாள், அவர் எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். ஸ்டேஷனில் கேட்டாள், விரட்டினார்கள். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் வடக்கே போய் வருகிறவர் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனாள். அவர் உட்கார வைத்து, குடிக்கக் கொடுத்து, "அங்க போறவங்கள நெறைய பேர எனக்குத் தெரியும்மா. வந்தவங்க ஒருத்தரையும் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் ஆயிற்று, ஐந்து மாதம் ஆயிற்று. பந்திங்குக்கு விறகு வெட்டப் போனவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருதடவை வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் பக்கத்து வரிசைக்காரர் தோளில் ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்குவதைப் பார்த்தேன். அவர் பெண்டாட்டி ஓடிப்போய் வாங்கினாள். எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது. குழாயடியில் பத்துப் பேர் நிற்கும்போது ஆயாக்காவைப் பார்த்துச் சொன்னேன்.

"என் புருஷன் எப்படி வருவாரு? அவரு வர்ற வழியத்தான் நீங்க ரவிக்கைக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்களே."

அது வெறும் காகிதம் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். படம் காட்டிக் கதவைச் சாத்துகிறவன் காகிதத்தைப் பார்த்தா ஆளை விடப்போகிறான்? ஆனால் ஜப்பான்காரனைத் திட்ட முடியாது, கிராணியைக் காணோம். கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தவள் இவள் ஒருத்திதான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதில் தண்ணீர் பாதிதான் இருந்தது. அதற்கப்புறம் இரண்டு வாரம் அவளோடு நான் பேசவே இல்லை.

பிறகு ஒரு நாள் காலையில் என் வாசலுக்கு வந்தாள். நான் மரவள்ளிச் சீவலைப் பாயில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அதே பாய். செந்தூலில் சயாமுக்கு மறுபடி ஆள் எடுக்கிறார்கள், சமையலுக்குப் பொம்பிளைகளும் வேண்டுமாம், பெயர் கொடுத்துவிட்டேன் என்றாள். கையில் நீல ரிப்பன் கட்டிய கார்டுகள்.

"இத வச்சிரு தங்கச்சி. நேரம் இருக்கும்போது பிரிச்சிப் பாரு."

வாங்கி ஜன்னலில் வைத்தேன். அவள் போகவில்லை. நின்றாள். எதற்காக நிற்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பி வர வண்டி எப்போது என்று யாராவது ஒருத்தர் தன்னைக் கேட்க வேண்டும் என்று நின்றாள். ஊர் முழுக்கக் கேட்டவள் அவள். அவளை யாரும் கேட்டதில்லை. கேட்டால், போகாதே என்று சொல்வதற்குப் பக்கத்தில் வந்துவிடும். கேட்டால், அன்றைக்குக் குழாயடியில் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நான் குனிந்து சீவலைப் பரப்பிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் நிழல் பாயைவிட்டுப் போய்விட்டது.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து சன்னாசி வந்தான். போன ஐந்து பேரில் ஒருவன், என் வீட்டுக்காரரோடு ஷெட்டில் வேலை பார்த்தவன். அவனாகச் சொல்லித்தான் எனக்கு அடையாளம் தெரிந்தது. முழங்கால் இருந்த இடம்தான் பெரிதாக இருந்தது, மற்றதெல்லாம் குச்சி. படியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான்.

ஆயாக்கா அங்கே வந்து சேர்ந்துவிட்டாளாம். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாம் என்று ஐந்து பெயரையும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, காய்ச்சல்காரர்களைப் போட்டிருக்கும் கொட்டகை கொட்டகையாக நுழைந்து வந்திருக்கிறாள். அவள் வரும்போது மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள். சன்னாசியும் என் வீட்டுக்காரரும்தான் மிச்சம். அவர் காலில் புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. ரவிக்கையிலிருந்து துணியை எடுத்து, அவர் பாதியை அவர் கையில் வைத்திருக்கிறாள். அவர் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாராம். நாளைக்கு எங்கே போகலாம் என்று அவள் கேட்க, படகு என்றாராம். அப்புறம் மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறார்.

நான் அழவில்லை. சீட்டைக் கேட்டார்களா என்று கேட்டேன். வரும்போது, ரயிலில், அந்தப் பாதியை யாராவது கேட்டார்களா?

"ஒருத்தனும் கேக்கல அண்ணி. அப்படி ஒண்ணு இருக்கிறதே அங்க எவனுக்கும் தெரியாது. வெள்ளைக்காரன் லோரி கொண்டாந்து, ஏறுன்னான். ஏறினோம்."

"ஆயாக்கா?"

சன்னாசி தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குக் காய்ச்சல் இருந்தது என்றான். ஆனால் எழுந்து உட்காருவாள், பேசுவாள். லோரிக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று இவன் சொன்னதற்கு வரமாட்டேன் என்றாளாம்.

"என் பாதி பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பொண்ணுகிட்ட இருக்குன்னாங்க அண்ணி. அது இல்லாம ஏத்தமாட்டான், அவ எடுத்துக்கிட்டு வருவா, நான் இருக்கேன்னாங்க. காய்ச்சல்ல ஒளர்றாங்கன்னு நெனச்சேன். லோரி கெளம்பிருச்சு."

உள்ளே போய் ஜன்னலில் இருந்த கட்டை எடுத்தேன். இரண்டு வருஷத்துக்கு மேலாக அது அங்கேயே கிடந்தது, ரிப்பன் வெளுத்துப்போயிருந்தது. நான் பிரித்துப் பார்த்ததே இல்லை. பறவைக்கும் படகுக்கும் நடுவில் அந்தப் பாதிச் சீட்டு இருந்தது. ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக, சிவப்பு முத்திரையோடு. செந்தூல் கிராணி கையெழுத்தில் தமிழில் அவள் பெயர் எழுதியிருந்தது. அவளுக்கு ஒரு பெயர் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் போகவில்லை. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் காட்டுக்கு யாரைப் பிடித்துப் போவது, போனாலும் இருப்பாளா என்று பத்துக் காரணம் சொல்லிக்கொண்டு, ஒரு மாதம், இரண்டு மாதம் என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். எங்களுக்காக அவள் தேடிப் போன மாதிரி நானும் போயிருக்கலாம் என்பது எனக்குத் தெரியாதது இல்லை.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பெயரை இங்கே எழுதவில்லை. கொட்டகை கொட்டகையாக நுழைந்து கூப்பிட வேண்டிய பெயர் அது.